வெயில் தேசத்து வானில் பனி அபாயம்

தரையில் நமக்கு வியர்க்கிறது. ஐந்து கிலோமீட்டர் மேலே விமானத்தின் இறக்கையில் பனிக்கட்டி படிகிறது. சிறிய ஊர்களுக்கும் விமானம் பறக்கும் இந்தக் காலத்தில், இது குளிர் நாடுகளின் கவலை மட்டும் அல்ல.

ஆகஸ்ட் 9, 2024. நண்பகல் தாண்டிய நேரம். பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்தில் உள்ள வின்ஹெடோ என்ற ஊரில் மக்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். இரண்டு இன்ஜின்கள் கொண்ட விமானம் ஒன்று முன்னோக்கிப் பறக்காமல், நின்ற இடத்திலேயே சுழன்றபடி, காய்ந்த இலை உதிர்வதுபோலக் கீழே வந்துகொண்டிருக்கிறது. சிலர் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். சில விநாடிகளில் மரங்களுக்குப் பின்னால் மறைகிறது. கரும்புகை எழுகிறது.

காஸ்கவெல் நகரிலிருந்து சாவோ பாலோவின் குவாருலோஸ் விமான நிலையத்துக்கு 58 பயணிகளுடனும் 4 சிப்பந்திகளுடனும் வந்துகொண்டிருந்த வோபாஸ் நிறுவனத்தின் ஏடிஆர்-72 விமானம் அது. 62 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அடுத்த மாதமே வெளிவந்த முதற்கட்ட விசாரணை அறிக்கையில் திரும்பத் திரும்ப வந்த வார்த்தை, பனி. அன்று அந்த வட்டாரத்தில் 12,000 அடியிலிருந்து 21,000 அடிவரை கடுமையான பனிப்படிவு இருக்கும் என்று வானிலை எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. விமானம் பறந்துகொண்டிருந்த உயரம் 17,000 அடி. இறக்கையிலிருந்து பனியை அகற்றும் கருவி பலமுறை போடப்பட்டதும் அணைக்கப்பட்டதும் பதிவாகியிருந்தது. விமானி அறையின் ஒலிப்பதிவில் துணை விமானி, பனி நிறைய இருக்கிறது என்று சொன்னதும் இருந்தது. பிறகு விமானம் காற்றில் பிடிமானத்தை இழந்தது.

படித்தவுடன் ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. பிரேசில் என்றால் காபித் தோட்டம், கடற்கரை, வெயில். அங்கே பனியா? பூமத்திய ரேகைக்குத் தெற்கே வின்ஹெடோ இருக்கும் தூரமும், அதற்கு வடக்கே நம் போபால் இருக்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் போபாலின் வானத்திலும் இது சாத்தியமா? சாத்தியம்தான். திருச்சி வானத்திலும் சாத்தியம். ஏன் என்று புரிந்துகொள்ள, பனியைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.

உறைய மறுக்கும் தண்ணீர்

தண்ணீர் பூஜ்யம் டிகிரி செல்ஷியஸில் உறையும் என்பது பாடப்புத்தகம். ஐஸ் டிரேயில் ஊற்றிய தண்ணீருக்கு அது பொருந்தும். மேகத்தில் மிதக்கும் துளிக்குப் பொருந்தாது.

பாலில் உறைமோர் விடாமல் எத்தனை நேரம் வைத்திருந்தாலும் நல்ல தயிர் தோயாது. மேகத்துளியின் கதையும் இதுதான். அது பனிக்கட்டியாக மாற ஒரு 'உறை' வேண்டும். சில வகைத் தூசுகள், சில பாக்டீரியாக்கள் இந்த வேலையைச் செய்யும். மேல்வானத்தில் இவை மிகக் குறைவு. மைனஸ் 5, மைனஸ் 10 டிகிரியில் வேலை செய்யக்கூடியவை அதைவிடக் குறைவு. எனவே கோடிக்கணக்கான துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே போன பிறகும் தண்ணீராகவே மிதந்துகொண்டிருக்கின்றன. எந்த உறையும் இல்லாமல் தானாகவே உறைய வேண்டுமானால் துளி மைனஸ் 40 டிகிரியை நெருங்க வேண்டும். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து இடிமேகங்களுக்குள் மைனஸ் 37.5 டிகிரியிலும் தண்ணீர் திரவமாகவே இருப்பதை விமானத்தில் சென்று அளந்த விஞ்ஞானிகள் 2000இல் அறிவித்தார்கள்.

இப்படிப்பட்ட மேகத்துக்குள் விமானம் நுழைந்தால் என்ன ஆகும்? துளிகள் காத்திருந்த உறை அதன் இறக்கைதான். மோதியவுடன் உறையத் தொடங்குகின்றன.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. குளிர் அதிகமாக ஆக ஆபத்தும் அதிகமாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மை ஏறத்தாழ நேர்மாறு. மைனஸ் 20 டிகிரியில் துளி மோதிய இடத்திலேயே சட்டென்று உறைந்து, வெள்ளையாக, சொரசொரப்பாக, உப்புப் படிந்ததுபோல ஒட்டிக்கொள்கிறது. அது இறக்கையின் முன்விளிம்பில்தான் சேரும். அங்கே அதை அகற்றக் கருவி இருக்கிறது. மைனஸ் 2, மைனஸ் 4 போன்ற 'சாதுவான' குளிரில்தான் சிக்கல். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியிடும். மைனஸ் 4 டிகிரித் துளியில் இருபதில் ஒரு பங்கு உறைந்தவுடனேயே, அதிலிருந்து வந்த வெப்பம் மீதித் துளியைப் பூஜ்யத்துக்கு ஏற்றிவிடுகிறது. உறையாத மீதி, காற்று தள்ளத் தள்ள இறக்கையின் மேல் பின்னோக்கி ஓடி, ஓடும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக உறைகிறது. கண்ணாடி போன்ற அந்தப் பனி எளிதில் கண்ணில் படாது. கெட்டியானது. பனி நீக்கும் கருவி எட்டாத இடம்வரை பரவக்கூடியது.

பனியின் எடைதான் விமானத்தை இழுத்துப் போடுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். எடை ஒரு சிறு பங்குதான். இறக்கையின் வளைவு மாறிவிடுவதே பெரிய கேடு. தச்சர்கள் பயன்படுத்தும் உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பான பனி, இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் படிந்தால் போதும்; விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் விசை 30 சதவிகிதம்வரை குறையலாம், காற்றின் இழுவை 40 சதவிகிதம்வரை கூடலாம் என்கின்றன அமெரிக்க விமானப் பாதுகாப்பு ஆவணங்கள். சாதாரணமாகப் பாதுகாப்பான வேகம், அப்போது ஆபத்தான வேகமாகிவிடுகிறது. எச்சரிக்கை ஒலிப்பதற்குள்ளாகவே இறக்கை காற்றைக் கைவிட்டுவிடலாம்.

அரை மணி நேரக் காத்திருப்பு

இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்டது 1994 அக்டோபர் 31 அன்று. விலை 68 உயிர்கள்.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலிருந்து சிகாகோவுக்குப் புறப்பட்ட அமெரிக்கன் ஈகிள் நிறுவனத்தின் ஏடிஆர்-72 விமானம் அது. சிகாகோவில் நெரிசல். இறங்க முறை வரும்வரை வானிலேயே வட்டமடிக்கச் சொல்கிறார்கள். 10,000 அடி உயரத்தில், அரை மணி நேரத்துக்கும் மேலாக, அது சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்றுகிற இடம் உறையாத குளிர்நீர்த் தூறலுக்கு நடுவில். வழக்கமான மேகத்துளி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். அன்று இருந்தவற்றில் பல, அதைவிடப் பலமடங்கு பெரியவை.

துளியின் பருமனில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. சின்னஞ்சிறு துளிகள் காற்றோடு வளைந்து இறக்கையைத் தாண்டிப் போய்விடும்; மோதுகிறவை முன்விளிம்பில் மட்டும் மோதும். கனத்த துளிகளால் அப்படி வளைய முடியாது. முன்விளிம்பைத் தாண்டியும் மோதும். ஏடிஆர் போன்ற ப்ரொபெல்லர் விமானங்களின் இறக்கை முன்விளிம்பில் கருப்பு ரப்பர் பட்டைகள் உண்டு. காற்றடித்து அவற்றை உப்பச் செய்தால், மேலே படிந்த பனி உடைந்து சிதறும். எளிய, நம்பகமான ஏற்பாடு. ஆனால் பட்டை முடியும் இடத்துக்குப் பின்னால் படிந்த பனியை அது தொடவே தொடாது. ரோஸ்லான் என்ற கிராமத்துக்கு மேலே அன்று நடந்தது அதுதான். ரப்பர் பட்டைக்குச் சற்றுப் பின்னால், வயல் வரப்பு போல ஒரு பனி வரம்பு உருவாயிற்று.

வட்டமடிக்கும்போது விமானிகள் ஃபிளாப்பை 15 டிகிரி இறக்கி வைத்திருந்தார்கள். அதனால் மூக்கு தாழ்ந்து விமானம் சமமாகப் பறந்தது. 8,000 அடிக்கு இறங்க உத்தரவு வந்தது. இறங்கும்போது வேகம் கூடி எச்சரிக்கை ஒலித்தது. ஃபிளாப்பை உள்ளே இழுத்தார்கள். வழக்கமான காரியம். மூக்கு மீண்டும் உயர்ந்தது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடியது. பனி வரம்பைத் தாண்டிய காற்று இறக்கையோடு ஒட்டி ஓடாமல் பிய்ந்து போயிற்று. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க உதவும் ஏலரான் பலகையை அந்தக் காற்றே பிடித்து இழுத்தது. ஆட்டோ பைலட் துண்டித்துக்கொண்டது. விமானம் வலப்பக்கம் கவிழ்ந்தது. அரை நிமிடத்துக்குள் சோயாபீன்ஸ் வயலில் எல்லாம் முடிந்தது.

அதன் பிறகு நடந்த சோதனை சுவாரசியமானது. கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், டேங்கர் விமானம் ஒன்று முன்னே பறந்தபடி மஞ்சள் சாயம் கலந்த தண்ணீரைத் தூவியது. பின்னால் ஒரு ஏடிஆர்-72 அந்தத் தூறலில் நுழைந்தது. சாயம் கலந்த பனி எங்கே படிகிறது என்று பார்த்தார்கள். ரப்பர் பட்டை முடிந்த இடத்துக்குப் பின்னால் மஞ்சள் வரப்பு தெளிவாகத் தெரிந்தது.

பழி யார் மேல் என்பதில் அட்லாண்டிக்கின் இரு கரைகளும் ஒத்துப்போகவில்லை. முந்தைய சம்பவங்களிலிருந்து தெரிந்ததைத் தயாரிப்பாளர் விமானிகளுக்கு முழுமையாகச் சொல்லவில்லை, பிரெஞ்சு அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் கண்காணிப்பில் தவறினார்கள் என்றது 1996இல் வந்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை. விமானிகளின் நடவடிக்கைகளும் காரணம் என்று பிரெஞ்சுத் தரப்பு மறுத்து வாதாடியது. முந்தைய சம்பவங்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை. 1987 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கு அருகே, இதே குடும்பத்தைச் சேர்ந்த சிறிய ஏடிஆர்-42 ஒன்று பனியில் சிக்கி விழுந்து 37 பேர் இறந்திருந்தார்கள்.

ரோஸ்லானுக்குப் பிறகு ரப்பர் பட்டைகளின் அகலம் கூட்டப்பட்டது. அமெரிக்கன் ஈகிள் தன் ஏடிஆர்களை வடக்கின் குளிரிலிருந்து எடுத்து, தெற்கு மாநிலங்களுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் மாற்றியது. அந்த விபத்து நடந்தபோது, விமானங்களுக்கான பனிச் சோதனை விதிகள் 1940களில் நடந்த ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றில் துளியின் சராசரி விட்டத்துக்கு வைத்திருந்த உச்சவரம்பு 50 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பெரிய துளிகளையும் கணக்கில் எடுத்துக்கொண்ட அமெரிக்க விதி வெளியானது 2014 நவம்பரில். விபத்துக்கு இருபது ஆண்டுகள் கழித்து! அதுவும் புதிதாக வடிவமைக்கப்படும் விமானங்களுக்குத்தான். ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவற்றுக்குப் பழைய சான்றிதழே போதும்.

வெப்பமான இடங்களுக்கு மாற்றிவிட்டால் பிரச்னை தீர்ந்ததா? 2010 நவம்பர் 4 அன்று கியூபாவில், சாண்டியாகோவிலிருந்து ஹவானாவுக்குப் பறந்த ஏரோ கரீபியன் நிறுவனத்தின் ஏடிஆர்-72 விழுந்து, இருந்த 68 பேரும் இறந்தார்கள். 20,000 அடி உயரத்தில் ஏற்பட்ட கடும் பனிப்படிவு, அதோடு சேர்ந்த விமானிகளின் பிழைகள் என்பது கியூப விசாரணையின் முடிவு. கரும்பும் புகையிலையும் விளைகிற வெப்பமண்டலத் தீவு அது.

நம் தலைக்கு மேலே

கணக்கு எளிது. மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது. சென்னையில் 34 டிகிரி வெயில் என்றால், ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேலே பூஜ்யம். பருவமழைக் காலத்தில் இந்தியாவின் பெரும்பகுதியில் இந்தப் பூஜ்யக் கோடு 5 முதல் 5.5 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அடிக் கணக்கில் 16,000 முதல் 18,000.

இப்போது அட்டவணையின் மறுபக்கத்தைப் பாருங்கள். பெரிய ஜெட் விமானங்கள் 35,000 அடியில் பறக்கின்றன. பூஜ்யக் கோட்டை ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை, சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றன. அவற்றின் வேகமே இறக்கையின் முன்விளிம்பை ஓரளவு சூடாக்குகிறது. போதாததற்கு இன்ஜினிலிருந்து சூடான காற்றை எடுத்து இறக்கைக்குள் செலுத்தும் வசதி உண்டு. ப்ரொபெல்லர் விமானத்துக்கு இந்த இரண்டு சலுகையும் இல்லை. ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் போவதில்லை. குறுகிய தூரப் பயணங்களில் பெரும்பாலும் 14,000 முதல் 20,000 அடி. அதாவது பயணத்தின் கணிசமான நேரம், எந்தக் குளிர் மிக மோசமானது என்று மேலே பார்த்தோமோ, அதே சாதுவான குளிரில்.

இந்தியாவில் இந்த விமானங்கள் புதிதல்ல. 1990களின் இறுதியில் ஜெட் ஏர்வேஸ் ஏடிஆர்-72ஐ ஓட்டத் தொடங்கியது. 2003இல் வந்த ஏர் டெக்கான் அவற்றைக் கொண்டே சாமானியர்களை விமானத்தில் ஏற்றியது. இரண்டு நிறுவனங்களும் இன்றில்லை. விமான வகை நிலைத்துவிட்டது. 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து தில்லிக்குப் பறந்த உடான் திட்டத்தின் முதல் விமானமும் ஏடிஆர்தான். ஓடுபாதை சிறியதாக இருக்கும் ஊர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியும் அதிகம் இல்லை. எரிபொருள் குறைவாகக் குடிக்கும், சிறிய நிலையத்திலும் இறங்கும். மாவட்டத் தலைநகரில் இருக்கும் வியாபாரியும், மகள் பிரசவத்துக்குப் பெருநகரம் போகும் அம்மாவும் பறக்கிறார்கள் என்றால் இந்த விமானங்களின் புண்ணியத்தில்தான். ஏடிஆர் ஆபத்தானது என்று முடிவுகட்டினால் அது அநியாயம். பனிப்படிவில் பறக்க முறைப்படி அனுமதி பெற்ற விமானம் அது. உலகமெங்கும் நாள்தோறும் பத்திரமாகப் பறக்கிறது. ஆனால் அனுமதி என்பது எல்லாப் பனிக்கும் அல்ல. கடுமையான பனிப்படிவை உணர்ந்தால் உடனே வெளியேற வேண்டும் என்பதும் அதே அனுமதியின் பகுதி.

வெளியேறுவது எப்படி என்பதில் நம் நாட்டுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் உண்டு. தெற்கே சமவெளிக்கு மேல் 17,000 அடியில் பனி பிடித்தால், சில ஆயிரம் அடி கீழே இறங்கினாலே போதும். வெப்பக் காற்று பனியை உருக்கிவிடும். பனியே விழாத ஊர்க்காரர்களுக்கு இயற்கை கொடுத்த கொடை இது. வடக்கே குளிர்காலத்தில் பூஜ்யக் கோடு 3 கிலோமீட்டருக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடுகிறது. மேற்கத்திய இடையூறு என்று வானிலை இலாகா குறிப்பிடும் அமைப்புகள், மத்திய தரைக்கடல் பக்கமிருந்து டிசம்பர் முதல் மார்ச்வரை அடுத்தடுத்து வந்து, அடுக்கடுக்கான மேகங்களை இமயமலை மேல் பரப்புகின்றன. குலு போன்ற பள்ளத்தாக்கு ஊர்களை நோக்கிப் பறக்கும் விமானிக்கு, இறங்கித் தப்பிக்கக் கீழே இடம் இல்லை. அங்கே மலை இருக்கிறது. அந்தப் பருவத்தில் 'வானிலை காரணமாக ரத்து' என்ற அறிவிப்பைக் கேட்டுக் கவுண்டரில் கோபப்படுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

விமானப் பயிற்சிப் பள்ளிகளில் இதன் இன்னொரு வடிவம் பாடமாகவே இருக்கிறது. கார்ப்புரேட்டர் வைத்த சிறிய பிஸ்டன் இன்ஜின் விமானங்களில், உள்ளே பெட்ரோல் ஆவியாவதாலும் குறுகிய வழியில் காற்று விரைவதாலும் வெப்பம் சட்டென்று இருபது டிகிரிக்கு மேல்கூட விழும். வெளியே சட்டை நனையும் புழுக்கம், வானத்தில் மேகமே இல்லை, இன்ஜினுக்குள் ஐஸ். காற்று வழி அடைபட்டு இன்ஜின் திணறும். சூடான காற்றைத் திருப்பிவிடும் குமிழை எப்போது இழுப்பது என்பது பயிற்சி விமானியின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று.

ராடாருக்குத் தப்பும் துகள்கள்

பெரிய ஜெட் விமானங்களுக்குக் கவலை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அவற்றின் பனி வேறு ரகம். வெப்பமண்டலத்து இடிமேகங்கள் கீழேயுள்ள ஈரத்தை 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு அள்ளிச் செல்கின்றன. அங்கே அது மாவு போன்ற நுண்ணிய பனித்துகள்களாக மிதக்கிறது. குளிர்ந்த இறக்கையில் இந்தத் துகள்கள் ஒட்டுவதில்லை, தெறித்துப் போகின்றன. சூடான இடங்களைத்தான் தேடிப் பிடிக்கின்றன. விமானத்தின் வானிலை ராடார் மழைத்துளியை நன்றாகக் காட்டும். இந்தத் துகள்களை அதனால் சரியாகப் பார்க்க முடியாது.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் ஃபிரான்ஸின் ஏர்பஸ் ஏ-330, பூமத்திய ரேகைக்கு அருகே அட்லாண்டிக் கடல் மேல் இப்படிப்பட்ட மேகங்களுக்குள் நுழைந்தது. வேகத்தை அளக்கும் பீட்டோ குழாய்கள் பனித்துகளால் அடைபட்டன. அடைப்பு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அதற்குள் ஆட்டோ பைலட் விலகிக்கொண்டது. வேகம் தெரியாமல் குழம்பிய விமானிகள் மூக்கை உயர்த்தினார்கள். விமானம் பிடிமானம் இழந்து கடலில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள். பனி உருகிவிட்டது. குழப்பம்தான் தீரவில்லை.

இந்தியாவை நேரடியாகத் தொட்ட சம்பவம் 2013இல் நடந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஒரு வகை இன்ஜின் பொருத்திய போயிங் 747-8, 787 விமானங்கள் சிலவற்றில், உயரத்தில் பறக்கும்போது இன்ஜினுக்குள் பனித்துகள் சேர்ந்து சக்தி குறைந்தது. அந்த நவம்பரில் போயிங் 15 விமான நிறுவனங்களை எச்சரித்தது. பனித்துகள் இருக்கக்கூடிய இடிமேகங்களிலிருந்து 50 கடல் மைல், அதாவது 90 கிலோமீட்டருக்கு மேல், விலகியே பறக்க வேண்டும் என்றது. ஜப்பான் ஏர்லைன்ஸ் உடனடியாக இரண்டு தடங்களிலிருந்து 787 விமானங்களை விலக்கியது. ஒன்று டோக்கியோ-சிங்கப்பூர். மற்றொன்று டோக்கியோ-தில்லி. பனி அபாயத்துக்காக ஒரு ஜப்பானிய நிறுவனம் விமானத்தை மாற்றியது ஆர்ட்டிக் தடத்தில் அல்ல, தில்லி தடத்தில். இன்ஜினின் மென்பொருளை மாற்றி அந்தப் பிரச்னையைப் பின்னர் சமாளித்தார்கள்.

2025 மே 21 இன்னும் அண்மையது. வட இந்தியா கோடையில் வெந்துகொண்டிருந்தது. தில்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு 220 பேருக்கு மேல் ஏற்றிச் சென்ற இண்டிகோ ஏர்பஸ், பதான்கோட் வட்டாரத்தில் 36,000 அடியில் இடிமேகத்துக்குள் சிக்கி ஆலங்கட்டி மழையில் அடிபட்டது. கருவிகள் காட்டிய வேகம் நம்பத்தகுந்ததாக இல்லை. ஆட்டோ பைலட் விலகியது. ஒரு கட்டத்தில் விமானம் நிமிடத்துக்கு 8,500 அடி வீதம் கீழே இறங்கியது. விமானிகள் கையாலேயே ஓட்டி ஸ்ரீநகரில் பத்திரமாக இறக்கினார்கள். நொறுங்கிய மூக்கின் படத்தை நாடே பார்த்தது. ஆலங்கட்டி வேறு, இறக்கையில் படியும் பனி வேறு. ஆனால் அந்த அளவு ஆலங்கட்டியை வளர்த்தெடுப்பது மேகத்துக்குள் இருக்கும் அதே உறையாத குளிர்நீர்தான்.

முன்னறிவிப்பு இல்லாமல் இல்லை. சென்னை, மும்பை, கொல்கத்தா, தில்லி ஆகிய நான்கு இடங்களில் உள்ள வானிலைக் கண்காணிப்பு அலுவலகங்கள் விமானிகளுக்காக விடுக்கும் சிக்மெட் எச்சரிக்கைகளில் இடிமேகம், கொந்தளிப்புடன் கடும் பனிப்படிவும் ஓர் இனம். ஆனால் ஓர் எச்சரிக்கை ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் வானத்தைப் பற்றிப் பேசுகிறது. அதற்குள் எந்த மேகத்தில் எந்தப் பருமன் துளி இருக்கிறது என்பது உள்ளே நுழைந்தவருக்குத்தான் தெரியும். அதனால்தான் முன்னே போன விமானி, இங்கே பனி பிடிக்கிறது என்று கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொல்லும் ஒரு வரி, பின்னால் வருபவருக்கு எந்த வரைபடத்தையும்விடப் பெரிய உதவி. வேலைப் பளுவில் முதலில் விடுபட்டுப் போவதும் அந்த ஒரு வரிதான்.

வின்ஹெடோ விமானத்தில் எச்சரிக்கைகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை என்பதுதான் அந்த முதற்கட்ட அறிக்கையில் உறுத்தும் விஷயம். பறக்கும் வேகம் குறைவு, விமானத்தின் செயல்திறன் குறைகிறது, வேகத்தைக் கூட்டு என்று மூன்று படிகளாக எச்சரிக்கை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்திருக்கின்றன. அப்போது அந்த அறையில் தரையிறங்குவதற்கான வழக்கமான வேலைகளும் நடந்துகொண்டிருந்தன.

ஏடிஆரின் விமானி அறைக்கு வெளியே, ஜன்னலுக்கு அருகில், இரு விமானிகளுக்கும் தெரியும்படி ஒரு சிறு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சூடாக்க எந்த ஏற்பாடும் இல்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். விமானத்தில் பனி பிடிக்கிறதா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கடைசியாகப் பனி விடுவதும் அதுவே. இரவில் பார்க்க அதற்குள் விளக்கும் உண்டு. ரோஸ்லானுக்குப் பிறகு இன்னோர் அடையாளமும் சேர்ந்தது. பக்கவாட்டு ஜன்னலின் சூடாக்கப்படாத பகுதி பனியால் மூடிக்கொண்டால், அது கையேட்டில் சொல்லப்படும் சாதாரணப் பனி அல்ல, பெருந்துளிப் பனி. அப்போது ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஆட்டோ பைலட்டை விலக்க வேண்டும். ஃபிளாப் இறங்கியிருந்தால் அதை ஏற்றக் கூடாது. வேகத்தைக் கூட்ட வேண்டும். உயரத்தையோ திசையையோ மாற்றி அந்த மேகத்தைவிட்டு வெளியேற வேண்டும். வெளியே வந்த பிறகும், அந்தச் சிறு முனையில் ஒட்டிய பனி விலகும்வரை, பனிக்காலத்துக்கான கூடுதல் வேகத்திலேயே பறக்க வேண்டும்.